ஓட்டைக் கதிரை

அச்சிமுகம்மது ஓடாவி தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். அதை முதலில் கண்டுபிடித்தவள் அவருடைய மகள் ஸுல்பிகா. அவளுக்குப் பத்து வயது.

ஓடாவி என்றால் தச்சர். சூறாவளி மருதமுனை ஊரின் கூரைகளைப் பிய்த்துப் போட்ட பிறகு, அவளுடைய வாப்பாதான் வீடு வீடாக ஏறி மரம் பூட்டிக் கொடுத்தார். பதினோராவது வீட்டில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகிறது. அந்தப் பதினொரு வீட்டிலிருந்தும் அவரைப் பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்குக் கூரை ஒழுகவில்லை. அதனால் ஓடாவியின் ஞாபகமும் வரவில்லை.

இப்போது அவரால் கட்டிலோரத்தில் உட்கார்ந்து இருக்க முடியும். குந்தத்தான் முடியாது. கக்கூசுக்குப் போவதென்றால் உம்மாவும் பக்கத்து வீட்டு மசூர் காக்காவும் தூக்கிப் பிடிக்க வேண்டும். வாப்பாவுக்கு அது பெரிய வெட்கம். தின்றால், குடித்தால்தானே போக வேண்டும்? சோற்றைப் பிசைந்து அப்படியே வைப்பார். செம்பைத் தொடமாட்டார்.

"தண்ணி குடிக்காட்டி மனிசன் தப்பமாட்டார்" என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

ஸுல்பிகா யோசித்தாள். குந்த முடியாவிட்டால் கதிரையில் உட்கார்ந்து இருக்கலாம் அல்லவா? கதிரையில் பெரிய ஓட்டை, கீழே ஒரு வாளி. அது போதுமே!

முற்றத்தில் வாப்பா பாதியில் விட்ட அலுமாரி நின்றது. அதன் தட்டுக்கு வாங்கிய தடித்த பிளைவுட் பலகையை இழுத்து எடுத்தாள்.

"அது அலுமாரிப் பலக, புள்ள! வாப்பா எழும்பினா..." என்றார் உம்மா.

"எழும்பி வேல செய்வாரா உம்மா?"

உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் பெரிய வட்டம் என்றால் எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுதான். அதைக் கவிழ்த்துப் பென்சிலால் கோடு போட்டாள். தம்பி காலிதீனை அதில் இருக்கச் சொன்னாள். ஆறு வயதுக்காரன் முழுதாகக் கோட்டுக்குள் அடங்கிவிட்டான்.

"ராத்தா, இது கக்கூசா, கிணறா?"

கோட்டை அழித்துவிட்டுச் சோற்றுப் பீங்கானை வைத்து வரைந்தாள்.

வாப்பாவின் பெட்டியிலிருந்து துறப்பணத்தை எடுத்து, கோட்டுக்கு உள்பக்கமாக நெருக்கி நெருக்கித் துளை போட்டாள். நுனி ஒடுங்கிய சின்ன வாளை ஒரு துளைக்குள் விட்டு அடுத்த துளைவரை அறுத்தாள். கால்வாசி போவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

சத்தம் அறைக்குள்ளும் கேட்டுவிட்டது.

"ஆரு அது என்ட வாளத் தொட்டது?" வாப்பா கத்தினார். "நான் இன்னும் மவுத்தாகல்ல! கீழ வைங்க!"

ஸுல்பிகாவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அறை வாசலில் போய் நின்றாள்.

"நான்தான் வாப்பா. ஒங்களுக்குத்தான் கதிர செய்றன். நீங்க வெக்கத்துல தண்ணி குடிக்கிறல்ல. எனக்குத் தெரியும்."

வாப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஸுல்பிகா வேலையை நிறுத்தவில்லை.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது வட்டம் 'டொக்' என்று கழன்று விழுந்தது. ஓரமெல்லாம் பல் பல்லாக நின்றது. அரத்தால் ராவினாள். காலிதீன் அதில் உட்கார்ந்து பார்த்துத் துள்ளி எழும்பினான்.

"குத்துது ராத்தா!"

இன்னும் ராவினாள்.

"இப்ப?"

"இப்ப குத்தல்ல. ஆனா உள்ளுக்கு விழப் பாக்கிறன்."

வீட்டில் கிடந்த பழைய கதிரையின் பிய்ந்த பிரம்பைக் கழற்றிவிட்டுப் பலகையை வைத்து ஆணி அடித்தாள். கட்டிலோரம் கொண்டுபோய் விட்டு, வாளியைக் கீழே வைத்து, உம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டினாள். வாப்பா திரும்பியும் பார்க்கவில்லை.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்தபோது ஒரு கை மெல்ல நீண்டு கதிரையைத் தொட்டது. வட்டத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது.

"இதில கோணல்" என்றார் வாப்பா.

"ஓம், வாப்பா."

"ஊருக்கெல்லாம் கதிர செஞ்ச ஓடாவிக்கு வந்த கதிரயப் பாரு, புள்ள."

ஸுல்பிகா செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

அவள் முகத்தைப் பார்க்காமலே வாப்பா வாங்கினார். பிஸ்மி சொன்னார். அடி தெரியும்வரை குடித்தார். பிறகு வெறும் செம்பை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கொண்டா" என்றார்.