நாலு மணிக் காவல்

பூந்தமல்லியிலிருந்து வந்த பேருந்தை விட்டு யூசுப் ஆவடியில் இறங்கியபோது மணி மூன்று. மே மாத வெயில் தார்ச்சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக் குடியிருப்புக்குள் நடந்தவனின் தோள்பையில் ஒரு கம்பளிக் குல்லாவைத் தவிர வேறொன்றும் இல்லை. அது லட்சுமணனுடையது. பனிமலை முகாமில் மூன்று வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். பிப்ரவரியில் பனிச்சரிவு அவனைக் கொண்டுபோனது.

குல்லாவை அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவது எளிது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும். அதை நினைத்தால்தான் கால் பின்வாங்கியது.

மாடிப்படிக்குக் கீழே துணி அலசிக்கொண்டிருந்த வசந்தகுமாரி நிமிர்ந்து பார்த்தாள்.

"மிலிட்டரியா? முடியப் பாத்தாலே தெரியுது. புஷ்பாக்கா ஊட்டுக்குத்தானே? பாத்து ஏறு நைனா, மேல வழுக்கும். எங்களுக்கெல்லாம் வாரத்துல ரெண்டு நாள்தான் தண்ணி. அந்தம்மா வாசல்ல மட்டும் தெனம் ஓடுது."

படியில் வெளிச்சம் குறைவாக இருந்தது. பாதி ஏறும்போதே வெயிலின் சூடு உடம்பை விட்டு நழுவியது. மூக்கில் ஒரு வாடை ஏறியது. மண்ணெண்ணெய், நனைந்த கம்பளி, பூட்ஸ் பாலிஷ். முகாம் கூடாரத்தின் வாடை.

வாசல் கதவு திறந்திருந்தது. நிலைப்படிக்கு வெளியே சிமெண்டுத் தரையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஈரம். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

"அத தாண்டி வாப்பா, மெரிச்சுறாத" என்றாள் லட்சுமணனின் அம்மா புஷ்பா. இருபது வருடம் படைவீரர்களின் குளிர்கோட்டுகளைத் தைத்து, போன மாதம் ஓய்வு பெற்றவள். யூசுப்பை அவளுக்குப் புகைப்படத்தில் தெரியும். பெயரைக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், குல்லாவை வாங்கி முகர்ந்தாள், மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொயந்த எப்டி கீது?"

"நல்லா இருக்கும்மா. மூணு மாசம் முடியப் போவுது."

"அவன் போன அன்னிக்குப் பொறந்ததுதானே?"

யூசுப் தலையசைத்தான்.

புஷ்பா வாசலைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினாள். "தெனம் ரெண்டு மணிக்கு வரான். உள்ள வாடான்னா வரமாட்றான். கால் வலிக்குமேன்னு சேர் போட்டேன், உக்கார மாட்றான். நாலே காலுக்கு மேல ஒரு சத்தம் கேக்கும், அரிசி மூட்டையத் தரையில இழுக்குற மாதிரி. அதுக்கப்பறம் ஈரம்தான். நீ கூட இருந்தவனாச்சே, சொல்லு. பெத்தவ ஊட்டுக்குள்ள ஏன் வரமாட்றான்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

யூசுப் டம்ளரைத் தரையில் வைத்தான்.

"உங்க தப்பு இல்லம்மா. என்னோடது."

அவன் சொன்னான். காவலை இருவரும் இரண்டிரண்டு மணி நேரமாக மாறி மாறிப் பார்த்தார்கள். அடுத்த ஆள் வந்து இடது தோளில் இரண்டு முறை தட்டி, 'நீ போ மச்சான், நான் நிக்கிறேன்' என்று சொல்லாமல் நிற்பவன் நகரக் கூடாது. வானமே இடிந்தாலும் கூடாது. லட்சுமணன் எப்போதும் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து தட்டுவான்.

அன்று நாலு மணிக்கு யூசுப் போக வேண்டும். முகாமுக்கு இருந்த ஒரே தொலைபேசியில் அப்போதுதான் வரிசை அவனுக்கு வந்தது. மனைவி ஜரினா பிள்ளை பெற்றிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னபோது லட்சுமணன் சிரித்தான். 'பேசிட்டு வா மாமே. நான் எங்க போயிடப் போறேன்?'

"ஜரினா கொயந்த வாய்கிட்ட போன வச்சா. அது அழுதுச்சு. வச்சிடணும்னு தோணிச்சும்மா, கை வரல. இருபது நிமிசம் கேட்டுக்கினே இருந்துட்டேன். நாலு இருபதுக்கு மலை இறங்கிடுச்சு."

புஷ்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குல்லாவின் நூல் பிரிந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ," என்றாள், "இன்னும் நீ வருவேன்னு நிக்கிறானா?"

சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஒரு நிமிடம் இருந்தது.

யூசுப் எழுந்தான். செருப்பைக் கழற்றினான். நிலைப்படியைத் தாண்டி அந்த ஈரத்தின் முன் நின்றபோது வெறுங்காலில் குளிர் ஊசியாக ஏறியது.

அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் மூச்சுவிடும் சத்தம் இருந்தது.

தோள் இருக்க வேண்டிய உயரம் அவன் கைக்குத் தெரியும். காற்றில் இரண்டு முறை தட்டினான். இரண்டாவது தட்டில் விரல்நுனி மரத்துப்போனது.

"நீ போ மச்சான். நான் நிக்கிறேன்."

மூச்சு நின்றது.

பிறகு வீட்டுக்குள் ஈரச்சுவடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பூட்ஸ் அடிகள். முதல் சுவடு நிலைப்படிக்கு உள்ளே. அடுத்தது புஷ்பாவின் காலருகே, அங்கே ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. கடைசிச் சுவடு கட்டிலுக்குப் பக்கத்தில். கட்டிலின் கம்பிகள் முனகின. மெத்தை மெல்லப் பள்ளமானது.

"வந்துட்டியா கண்ணு" என்று புஷ்பா குல்லாவைத் தலையணையில் வைத்து, போர்வையை இழுத்துப் போர்த்தினாள். வாசலிலிருந்த நாற்காலியை உள்ளே கொண்டுவந்து சுவரோரம் வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையைத் தூங்கவைப்பவள்போல் தட்டிக்கொடுத்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் அழுதது அப்போதுதான்.

நாலு இருபது ஆனது. சத்தம் வரவில்லை.

யூசுப் நகரவில்லை. அவன் காவல் ஆறு மணி வரை. காலடியிலிருந்த ஈரம் காய்ந்து, வெயிலின் சூடு மறுபடி தரையில் ஏறியது. கீழே வசந்தகுமாரி யாரையோ திட்டினாள். ஐந்து மணிக்கு ஜரினா அழைத்தாள். போன் சட்டைப்பையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம், இன்றைக்காவது உறக்கம் வரும் என்று எண்ணினான். நெஞ்சு லேசாயிருந்தது.

அப்போது உள்ளே கட்டில் முனகியது.

புஷ்பாவின் தட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. அவள் கையின் கீழ் போர்வை மெல்லத் தட்டையாகிக் கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய், நனைந்த கம்பளி.

யூசுப்பின் பிடரியில் குளிர் பட்டது.

இடது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. பழகிய தட்டு.

அவன் திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

புஷ்பா எழுந்து வந்தாள். யூசுப்பின் முழங்கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். சுவரோரம் இருந்த நாற்காலியைத் தூக்கி வந்து, தரையில் கருத்துப் பரவிக்கொண்டிருந்த ஈரத்தின் பக்கத்தில் போட்டாள்.

"நாளைக்கும்," என்றாள் யூசுப்பிடம், "நாலு மணிக்கு முன்னாடியே வந்துடுப்பா."