மூன்று நிமிடச் சாட்சி

வியாழக்கிழமை. காலை ஏழே கால்.

கைபேசி அலறியபோது ஜிங்யா பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..." பள்ளி மாணவி ருய்ஹானின் குரல் நடுங்கியது. "சுன்ஃபு மாமா செத்துட்டாரு. சிப்பிப் பண்ணையில கெடக்கறாரு..."

வாயில் இருந்த நுரையைத் துப்ப மறந்தாள் ஜிங்யா.

பத்து மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அந்தத் தைவான் கடலோரக் கிராமத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மின்முலாம் தொழிற்சாலைக்கு இன்னும் பத்து வருட அனுமதி கொடுப்பதா, வேண்டாமா? செம்பு கலந்த கழிவு நீரால் சிப்பிகள் பச்சையாகிச் செத்துக்கொண்டிருந்தன. கடல் பொங்கும் நேரம் பார்த்து ஒரு திருட்டுக் குழாயைத் திறந்துவிடுவார்கள். இருபது வருடம் அந்தக் குழாயைத் திறந்த கை, தொழிற்சாலையின் பழைய தொழிலாளி சுன்ஃபுவின் கை.

இன்று அவர் பேசுவதாக இருந்தது.

கிராமத்துக்காக வாதாடும் இருபத்தெட்டு வயது வக்கீல் ஜிங்யா, தைச்சுங் நகரத்திலிருந்து காரை விரட்டினாள்.

*

கடல் உள்வாங்கிக் கிடந்தது. மூங்கில் கழிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி. துணிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

இன்ஸ்பெக்டர் பெங், சேற்றைக் காலால் வழித்தபடி வந்தார்.

"பின்மண்டையில அடி. நேத்து ராத்திரி எட்டு, ஒம்பது மணி இருக்கும்ங்கறார் டாக்டர். வழுக்கியும் விழுந்திருக்கலாம்... ஆனா இது அவர் கையில இருந்தது."

சின்ன பாலித்தீன் உறை. உள்ளே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை. பூட்டில் காட்டினால் கதவு திறக்கும் சமாச்சாரம்.

"இந்த ஊர்ல எல்லாக் கதவுக்கும் இரும்புச் சாவிதான், வக்கீலம்மா." பெங்கின் பார்வை அவள் விரலில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போனது. "உங்ககிட்ட மட்டும் இதே மாதிரி ஒண்ணு ஆடுது."

"என் அபார்ட்மென்ட்டோடது. இதோ, இருக்கே."

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம். நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"வீட்ல. தனியா."

பெங் குறித்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை ஊரை விட்டு நகரக் கூடாது என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

*

சமூகக் கூடத்தில் ஊரே திரண்டிருந்தது. முன்வரிசையில் தொழிற்சாலை மேலாளர், கால்மேல் கால் போட்டு. கடைசி வரிசையில் இன்ஸ்பெக்டர் பெங்.

ஜிங்யாவின் ஐந்து மாணவர்களும் சுவரோரம் நின்றார்கள். கடல்நீரைச் சோதனைக்கு எடுப்பது, மனு எழுதுவது, அதிகாரி முன்னால் குரல் நடுங்காமல் பேசுவது... இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் அவள் சொல்லிக்கொடுத்தது. வகுப்பு நடத்தத் தன் அலுவலகத்தையே திறந்துவிட்டவர், ஊர்த்தலைவர் மாவ்ஷெங்.

ஒருவருக்கு மூன்று நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் ஒரு மணி. மூன்றாவதில் மைக் செத்துவிடும். அதற்காகவே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுன்ஃபுவைப் பள்ளியில் உட்கார வைத்து, ஒன்பது மணிவரை ஒத்திகை பார்த்திருந்தார்கள். ருய்ஹான் அதைக் கைபேசியில் படம் பிடித்திருந்தாள்.

ஜிங்யாவின் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சுன்ஃபுவின் முறை வந்தபோது அதைப் போட்டுக் காட்ட அனுமதி கேட்டாள்.

தலைமை தாங்கிய பெண் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். பெயர் கொடுத்தவர் நேரில் வர வேண்டுமாம். விதி.

"அவர் வர முடியாது, மேடம். பிணவறையில இருக்கார்."

"வருத்தமாத்தான் இருக்கு. அடுத்தது, ஊர்த்தலைவர்."

மாவ்ஷெங் மைக்கைப் பிடித்தார். நம்ம ஆள். ஜிங்யா மூச்சுவிட்டாள்.

"நேத்து, புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தது. நான் பையோட இறங்கினேன். சுன்ஃபுவும் நின்னான். அழுதான்... 'தலைவரே, குழாய்னு ஒண்ணே கெடையாது. அந்த வக்கீல் பொண்ணு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துல என் பேர் முத்திரையைக் குத்திட்டேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடமாடுவேன்'னான். ராத்திரியே போய்ச் சேர்ந்துட்டான்."

தலைகள் ஜிங்யா பக்கம் திரும்பின.

இனி ஊர் அவளை என்ன சொல்லும்? பொய்ச்சாட்சி தயாரித்தவள். ஒரு கிழவனைச் சாகடித்தவள்... வக்கீல் பட்டமும் போகும், கிராமத்தின் கடலும் போகும். இந்த மனிதரைப் பற்றித்தானே சுன்ஃபுவிடம் சொல்லியிருந்தாள்? பயமாக இருந்தால் தலைவர் வீட்டுக்குப் போங்கள் என்று!

மேலாளர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அடுத்தது, மாணவி ருய்ஹான்."

"வேண்டாம்... உக்காரு," என்றாள் ஜிங்யா. எல்லாம் முடிந்துவிட்டது.

பதினேழு வயதுப் பெண் உட்காரவில்லை. நேராக மைக்குக்குப் போனாள்.

"தலைவர் மாமா, ஒரே ஒரு கேள்வி. நீங்க குப்பை கொட்டினது புதன்கிழமையா?"

"ஆமாம்மா. நேத்துதான்."

"புதன்கிழமை வண்டி வராதே."

தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி கூடம் இரைந்தது. கிராமத்தில் வண்டி வரும் நாளில்தான், அதன் பின்னால் நின்று, குப்பை போட முடியும். தைச்சுங்கில் தன் அபார்ட்மென்ட்டின் அடித்தளக் குப்பை அறையில் நினைத்தபோது பையை எறிந்துவிட்டு மேலே போகும் ஜிங்யாவுக்கு, அந்தக் கிழமை உறைக்கவே இல்லை!

மாவ்ஷெங் நெற்றியைத் துடைத்தார். "அப்ப... செவ்வாய்க்கிழமையா இருக்கும்."

"செவ்வாய்க்கிழமை ஒம்பது மணிவரைக்கும் மாமா எங்ககூட ஸ்கூல்ல இருந்தார். படத்துல தேதி, நேரம் எல்லாம் இருக்கு."

சிப்பி உடைக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். "அது கெடக்கட்டும். வாரத்துக்கு அஞ்சு நாள் வண்டிக்குப் பின்னாடி நாங்கதான் நிக்கறோம். மூணு மாசமா உங்களை அங்க பாக்கலியே, தலைவரே. சாப்பிடறதில்லியா, இல்ல குப்பையே போடறதில்லியா?"

சிரிப்பு வெடித்தது. மாவ்ஷெங்கின் முகம் சிவந்தது.

"நான் எதுக்கு உங்ககூட வரிசையில நிக்கணும்? எங்க பில்டிங்ல எந்தக் கிழமை வேணும்னாலும் போட..."

நிறுத்தினார்.

காலம் கடந்திருந்தது.

கடைசி வரிசையிலிருந்து பூட்ஸ் சத்தம் நடந்து வந்தது. இன்ஸ்பெக்டர் பெங், நீல வில்லையை மேஜைமேல் வைத்தார்.

"எந்த பில்டிங், தலைவரே? நேத்து ராத்திரி வில்லையைத் தொலைச்சிட்டதா அங்க யாராவது புகார் கொடுத்திருக்காங்களா? கேட்டுப் பாக்கலாமா?"

மாவ்ஷெங் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தன் ஷூவைப் பார்த்தார்.

"அவங்க... டவுன்ல அபார்ட்மென்ட் கொடுத்தாங்க," என்றார் மாவ்ஷெங், மைக்குக்குக்கூடக் கேட்காத குரலில். "வாயை மூட வைன்னுதான் சொன்னாங்க... அவன் என் சட்டையப் பிடிச்சான்... நான் தள்ளினேன்..."

இரண்டாவது நிமிட மணி அடித்தது.

"எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு," என்றாள் ருய்ஹான். "அதைச் சுன்ஃபு மாமாவுக்குக் கொடுக்கறேன்."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டவில்லை.

ருய்ஹான் கைபேசியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். கரகரத்த குரல் கூடத்தை நிறைத்தது. "என் பேரு கே சுன்ஃபு. அந்தக் குழாயை இந்தக் கையாலதான் திறந்தேன்..."

மூன்றாவது நிமிடமும் முடிந்தது. யாரும் மைக்கை அணைக்கவில்லை. ஜிங்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மாவ்ஷெங்கின் தோளில் பெங் கை வைத்தார்.

"கிளம்பலாம், தலைவரே. குப்பை வண்டிக்குத்தான் புதன்கிழமை லீவு. எங்க வண்டி தினமும் வரும்."