இருமுறை ஏற்றிய சுடர்

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் பிற்பகல். மோதேயுஸ் வைட்குஸின் படிகளில் ஏறிய பர்போராவுக்கு, இறந்துபோன கணவர் கஸ்பராஸும் பின்னாலேயே ஏறி வருவதுபோல் இருந்தது. கட்சியில் அந்தக் கடிதத்தைக் காட்டியதிலிருந்து, மூன்று வாரங்களாக அப்படித்தான். அவர் எதையும் கேட்பதில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாதது.

வைட்குஸ் ஒரு காலத்தில் ஜார் மன்னரின் கௌனஸ் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். நாடு விடுதலை பெற்றபின் துப்பறியும் அதிகாரியாகி ஓய்வுபெற்றவர். அவளை அழைத்து வந்தவர் அச்சக மெய்ப்புத் திருத்துநர் ரபோலாஸ்.

"உக்காருங்கம்மா. ரபோலாஸ், அம்மாவுக்கு டீ ஊத்து. உன் வாய்லயும் கொஞ்சம் ஊத்திக்கோ, அப்பவாவது அது சும்மா இருக்கும்."

"என் வாய் சும்மா இருந்திருந்தா இந்தப் பக்கம் இந்நேரம் அச்சாகியிருக்கும், ஐயா!" ரபோலாஸ் ஒரு மெய்ப்புத் தாளை விரித்தார்.

தாயக ஒன்றியம் என்னும் கட்சியின் வரலாறு அது. பெரும்போருக்கு முன் இரகசியமாக முளைத்து, விடுதலைக்குப்பின் மண், மொழி, திருச்சபை என்ற மூன்று சொற்களைக் கொடியிலேற்றி வளர்ந்த கட்சி. அதன் முதல் தியாகி தோமாஸ் பைரா. ஆற்றுக்கு அக்கரையான அலெக்சோட்டாஸில், 1912 அக்டோபர் 20 அன்று பிடிபட்டுச் சைபீரியாவில் மாண்டான். தேதிக்கு அக்கரை நகராட்சிப் பதிவேடு சான்று. அதன்கீழே, ஜாரின் காவல்தலைவருக்கு எழுதியதாக ஒரு கடிதம்:

"கௌனஸ், 1912 அக்டோபர் 19. நாளை, ஞாயிறு, இருபதாம் தேதி, அக்கரையில் குயவர் வீட்டில் தோமாஸ் பைரா இருப்பான். — கஸ்பராஸ் கின்டிலா."

"அசலைப் பாத்தேன், அவர் எழுத்துதாங்க," என்றாள் பர்போரா. "அவரோட காகிதப் பெட்டியை நானேதான் டாக்டர் ஸ்கிர்கைலாகிட்ட தூக்கிக் கொடுத்தேன், வரலாறு எழுதணும்னார். நாளைக்குக் கட்சிக்காரங்க, கட்சியில இருந்து செத்தவங்க எல்லார் கல்லறையிலயும் சுடர் ஏத்துவாங்க, இவருக்குக் கிடையாதாம். அது போகட்டும். நான் ஏத்தலாமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"தோமாஸ் பிடிபட்டப்ப உங்க வீட்டுக்காரர் எப்படி இருந்தார்?"

"அழுதுக்கிட்டே இருந்தார். அந்த வருஷம் ரெண்டு கல்லறைத் திருநாள்லயும் அழுதார். முதல்ல அக்கரையில மாமியார் கல்லறையில. அப்புறம் இக்கரையில எங்க குழந்தை கல்லறையில."

ரபோலாஸ் சிரித்துவிட்டார். "ஒரே வருஷத்துல செத்தவங்க ரெண்டு தடவை வருவாங்களா? எங்க மேமல் பக்கமெல்லாம் ஒரு தடவைதாம்மா!"

வைட்குஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "டாக்டர் எந்த ஊர்க்காரர்?"

"சிகாகோவுல வளர்ந்தவர், ஐயா. விடுதலைக்கு அப்புறம்தான் இங்க வந்தார்."

"என் கோட்டை எடு."

மூவரும் போனபோது, கட்சி அலுவலகத்தில் தலைவரின் படத்துக்குக் கீழே ஸ்கிர்கைலா அமர்ந்திருந்தார். "துக்கத்துல இருக்கிற அம்மாவை ஏன் அலைக்கழிக்கிறீங்க? வரலாறு கசக்கத்தான் செய்யும்."

"கசப்பைக் குடிச்சுப் பாத்துடுவோம், டாக்டர். அந்தக் காலத்துல நெமுனாஸ் ஆத்துப் பாலத்தைத் தாண்ட எத்தனை நாளாகும்?"

"நாளா? அஞ்சு நிமிஷம் நடந்தா போதும்."

"பதிமூணு நாள்!" வைட்குஸின் குரல் உயரவில்லை. "இக்கரையில ஜாரோட பழைய நாட்காட்டி. அக்கரையில போலந்துச் சட்டம், புது நாட்காட்டி. இங்க ஏழாம் தேதின்னா அங்க இருபது. அதனாலதான் இந்தம்மா ரெண்டு தடவை சுடர் ஏத்தினாங்க. இந்த ஊர்ல குழந்தைகூட அதைச் சொல்லி விளையாடும். தோமாஸ் பிடிபட்ட ஞாயித்துக்கிழமை எங்க கரைல ஏழாம் தேதி. கௌனஸ்ல அக்டோபர் பத்தொன்பது வர்றப்ப அவன் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆயிருக்கும். பிடிபட்டவனைப் பிடிச்சுக் கொடுக்க முடியுமா?"

"ஒருவேளை... புதுத் தேதியைப் போட்டிருப்பார்."

"கௌனஸ்ல உக்காந்துக்கிட்டு, கௌனஸ் காவல்தலைவருக்கா? அந்தத் தேதியை நம்பி அவர் போயிருந்தா, வெறும் வீட்டைத்தான் பாத்திருப்பார். நான் இந்த ஊர் நீதிமன்றத்துல எழுத்தரா இருந்தவன், டாக்டர். இப்படி ஒரு காகிதம் என் மேசைக்கு வந்ததே இல்லை. இக்கரையில வாழாத ஒருத்தர், பதிவேட்டுத் தேதியைப் பாத்து, பெட்டியில கிடந்த எழுத்தைப் பாத்து வரைஞ்சது இது."

ரபோலாஸ் துள்ளினார். "காரணம் எனக்குத் தெரியும்! தலைவருக்கு இனிமே தேர்தலே வேண்டாம்னு தீர்மானம் வந்தப்ப எதிர்த்து நின்னவர் கின்டிலா ஐயா. அடுத்த மாச மாநாட்டுல அவர் ஆளுங்க அவர் பேரைச் சொல்லித்தான் நிப்பாங்க. செத்தவரை இன்னொரு தடவை கொன்னாத்தான் இவங்களுக்கு ஜெயம்!"

ஸ்கிர்கைலாவின் முகம் வெளிறியது. "அச்சு ஏறியாச்சு," என்றார்.

"ஏறலை. அந்தப் பக்கத்துக்குக் கோத்த ஈய எழுத்தையெல்லாம் நான் கலைச்சுப் போட்டுத்தான் வந்தேன். பிழை திருத்துறதுதானே என் வேலை?"

வைட்குஸ் கடிதத்தின் மூலத்தைக் கேட்டு வாங்கினார். "மாநாட்டுல நானே வாசிக்கிறேன், தேதியோட."

மறுநாள் அந்தியில் கட்சி ஊர்வலம் கல்லறைத் தோட்டத்தில் நீண்டது. தலைவர்கள் கஸ்பராஸின் கல்லைக் கடந்துபோனார்கள்; வரிசையின் கடைசியில் வந்த சில கிழவர்கள் மட்டும் தொப்பியைக் கழற்றி நின்றனர். பர்போரா அவர்களைப் பார்க்கவில்லை. எழுத்தை நம்பினாளே, மனிதரை நம்பவில்லையே! சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த அவர் படம் நினைவில் குத்தியது.

மூடுபனிக்குள் சுடர் நடுங்கி நிமிர்ந்தது.

"இது அக்கரைக் கணக்கு," என்றாள் கல்லிடம். "பதிமூணு நாள் கழிச்சு மறுபடி வரேன். மன்னிக்கிறதுன்னா அன்னிக்குச் சொல்லுங்க."

திரும்பி நடந்தபோது பின்னால் காலடி கேட்கவில்லை. அவர் அங்கேயே, வெளிச்சத்தருகில் இருந்துவிட்டார்.