எல்லாரும் உள்ளூர்

இப்போதெல்லாம் எவனும் தன் ஊரைச் சொல்வதில்லை. கேட்டால், சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல நெளிகிறான். மாடக்கண்ணுவுக்கு அதுதான் எரிச்சல். முன்பு கார் நம்பரைப் பார்த்தாலே திருநெல்வேலியா தஞ்சாவூரா என்று தெரியும். வெளியூர் வண்டி என்றால் கல்லெறிகிறார்கள் என்று சொல்லி, அரசாங்கம் ஊரொப்புப் பலகையைக் கொண்டுவந்தது. வண்டி எந்த ஊருக்குள் நுழைகிறதோ அந்த ஊர் எண்ணைப் பலகை தானே போட்டுக்கொள்ளும். போதாததற்கு வண்டிக்கு வண்டி ஊர்க்குரல் என்றொரு பெட்டி. உள்ளே எவன் எப்படிப் பேசினாலும் வெளியே உள்ளூர்ப் பேச்சாக வரும்.

இன்று கோயம்புத்தூரில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். மாலை பின்சீட்டில் இருக்கிறது, மண்டபத்தைத்தான் காணோம். வழிகாட்டிக் கருவியை அவர் என்றோ பிடுங்கி எறிந்துவிட்டார். முகம் தெரியாத ஒருத்தி திரும்பு என்றால் திரும்பிவிடுவதா? நம்ம ஊர் வண்டியாகப் பார்த்துக் கேட்பதுதான் அவர் வழக்கம். இப்போது எதைப் பார்த்தாலும் கோயம்புத்தூர் வண்டி.

ஓரமாக நின்ற கறுப்புக் காரை ஒட்டி நிறுத்தினார்.

“காமாட்சி மண்டபத்துக்கு எப்படிவே போகணும்?”

“ஏனுங்க, காமாட்சி மண்டபத்துக்கு எப்படீங்க போறது?” என்றது அவர் வண்டி.

“உங்களைத்தானுங்க கேக்கலாம்னு நின்னேன். உள்ளூர்க்காரருக்குத் தெரியாதுங்களா?” என்றது கறுப்பு வண்டி.

“கிண்டலால பண்ணுத, எடுபட்ட பயலே!”

“தமாஷ் பண்றீங்களா, தங்கமானவரே?” என்று குழைந்தது பெட்டி.

மாடக்கண்ணு கொதித்துப்போய் இறங்கிக் கறுப்புக் கண்ணாடியை ஓங்கித் தட்டினார். “எறங்குல கீழ!”

கண்ணாடி இறங்கியது. உள்ளே பட்டு வேட்டியில் வியர்த்து வழிந்தபடி கல்யாண மாப்பிள்ளை சிவசைலம்.

“மாமா, நீங்களா! போன் போட்டா மேளச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. முகூர்த்தம் தாண்டிரும் போலிருக்கே!”

“உம்ம வண்டியில வழிகாட்டி இருக்குமே மாப்ள?”

“உள்ளூர் பலகையப் பாத்ததும் அது வாய மூடிட்டு மாமா. உள்ளூர்க்காரனுக்கு வழி எதுக்குங்குது.”

பின்னால் நின்ற வண்டிகளிலும் கண்ணாடிகள் இறங்கின. ஒருவர் தேனி, ஒருவர் கும்பகோணம். எல்லாரும் அதே கல்யாணத்துக்கு வந்தவர்கள். ஒவ்வொருவரும் முன்னால் போன உள்ளூர் வண்டியை நம்பிப் பின்தொடர்ந்தவர்கள்.

“எல்லாவனும் உள்ளூர்க்காரன்னா வழி சொல்லுதவன் யாரு?” என்றார் மாடக்கண்ணு.

“ஆனா மாமா, ஒருத்தன்கூட நம்மள வெளியூர்னு வெரட்டலையே.”

“வெரட்டுதவனாவது எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லுவான்.”

மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி நடந்தார். முனையில் பூக்காரி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்த ஊருங்க நீங்க?”

“திருநெல்வேலி. காமாட்சி மண்டபம் எங்கம்மா இருக்கு?”

“அட, வெளியூருங்களா! அதா, அந்தப் பால் டிப்போவுக்குப் பொறத்தால.” சொல்லிவிட்டு ஓரடி பின்வாங்கினாள். “ஏனுங்க, அருவா கிருவா எதுவும் வெச்சிருக்கலீங்களே?”

சிவசைலம் முகம் சுருங்கியது. “பாத்தீங்களா மாமா? இதுக்குத்தான் அந்தப் பலகையே வந்துச்சு.”

“கேட்டுட்டுப் போறா. வழியச் சொல்லிட்டுத்தான கேட்டா?”

மாப்பிள்ளை பலகையின் நன்மைகளை விளக்கிக்கொண்டே பின்னால் வந்தான். மாடக்கண்ணு திரும்பிப் பார்க்காமல் பால் டிப்போவை நோக்கி நடந்தார்.