ஆறாம் எண்ணுக்குப் பதில்

ஐந்து பேர்தான் நின்றார்கள். ஆனாலும் அலைச்சறுக்குப் பயிற்சியாளர் தர்மா "அஞ்சு" என்று கூப்பிட்டு, கலாதேவி "இருக்கேன்" என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே "ஆறு" என்றார்.

பங்கோர் தீவின் அந்தச் சின்ன வளைகுடாவில் மாலை வெயிலும் படகு டீசல் வாடையும் முகத்தில் அப்பின. யாரும் பதில் சொல்லவில்லை. கலாதேவியின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இருக்கு."

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடும்போது ஆள் வராவிட்டால், பெயரை வெட்டிவிடக் கூடாதே என்று பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவார். அவளுடைய அப்பா அப்படிப் பலருக்குக் குரல் கொடுத்தவர். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது.

தர்மா சிரிக்கவில்லை. "அக்கா, அதுக்குப் பதில் சொல்லக்கூடாதுலா. நம்ம ஆளு முடிஞ்சதும் இன்னொரு நம்பர் கூப்டுவேன். சத்தம் வரலன்னாதான் கூட யாரும் சேரலன்னு அர்த்தம்."

"கூட யாருண்ணே சேருவா?" என்று தைப்பிங்கிலிருந்து வந்த ஷஹீரா கேட்டாள்.

தர்மா சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்க்கத் தொடங்கினார்.

அலைச்சறுக்கு கற்க வந்த மற்றவர்கள் எல்லாரும் ஜோடி. ஷர்வினும் அவன் மனைவியும். ஷஹீராவும் அவள் தோழி ஆஃப்ஷீனும். காலையிலிருந்து ஒருவரும் கலாதேவியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அது அவளுக்குப் புதிதில்லை. போன மாதம் ஈப்போ அடுக்குமாடி வீட்டில் டெங்கிக் காய்ச்சலோடு நான்கு நாள் தனியாகக் கிடந்தாள். ஒரு ஆள்கூடத் தேடவில்லை. தான் இல்லாமல் போனால் எத்தனை நாள் கழித்துத் தெரியவரும் என்ற பயம் அன்று பிடித்தது, விடவே இல்லை. அதனால்தான், இங்கே ஒரு மனிதர் தன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றது வெட்கப்படும் அளவுக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டாவது பெரட்டு. அலை பலகையின் அடியில் சளக் சளக்கென்று மோத, ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். தர்மா "அஞ்சு" என்றதும் கலாதேவி "இருக்கேன்" என்றாள்.

"ஆறு."

"இருக்கு" என்றது அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் திரும்பினாள். வெறும் தண்ணீர். ஊறிப்போன சாக்கு மாதிரி ஒரு வாடை.

"அக்கா, விளையாட்டு போதும்லா" என்றார் தர்மா.

"நான் சொல்லல தம்பி."

அவர் அவளுடைய மஞ்சள் சட்டையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரே அலை. ஏறினதும் கரைக்குப் போயிடலாம்."

மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அலை பிடித்துக் கரை சேர்ந்தார்கள். தர்மா அவர்களோடு போய்ச் சேர்ந்தபோது, கலாதேவியின் பலகை மட்டும் நகர மறுத்தது. கையால் எவ்வளவு துழாவினாலும் அதே இடம். கணுக்காலில் கட்டியிருந்த கயிற்றை யாரோ கீழிருந்து மெதுவாக இழுத்தார்கள். ஒருமுறை. மறுபடி ஒருமுறை. பிறகு விரல்கள். சில்லென்ற விரல்கள், முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தன.

அவள் தண்ணீருக்குள் போனாள்.

மேலே வந்தபோது பலகை போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பெண் குப்புறப் படுத்திருந்தாள். மஞ்சள் சட்டை. அலை வந்ததும் எழுந்து நின்றாள். அதுவரை கலாதேவியால் ஒருமுறைகூட நிற்க முடியவில்லை. இவள் நின்றாள். கரையில் கை தட்டினார்கள்.

மூன்றாவது பெரட்டு.

"அஞ்சு."

"இருக்கேன்." கலாதேவியின் குரல். கரையிலிருந்து.

கலாதேவி கத்தினாள். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது. கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. கண்கள் மட்டும் நீருக்கு மேலே இருந்தன.

தர்மா கடலை நோக்கித் திரும்பினார். நேராக அவள் இருந்த பக்கம்.

"ஆறு."

இருக்கேன். இருக்கேன் தம்பி. இங்க.

காத்திருந்தார். இந்த முறை நெடுநேரம். அலைச் சத்தம் மட்டும். கடைசியில் பெருமூச்சு விட்டு, நிம்மதியாகத் தலையாட்டினார்.

அவர்கள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்கள். ஷஹீரா தன் துண்டை எடுத்து, நடுங்கிக்கொண்டிருந்த அந்த மஞ்சள் தோள்களில் போர்த்திவிட்டாள். அவள் கேட்டது தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது.

"அக்கா, உங்க பேரு என்ன?"

"கலாதேவி" என்றது அது.