பங்கு கேட்டு வந்தவள்

காலையில் வாசல் தாண்டி வந்த தங்கை காபி வேண்டும் என்று கேட்கவில்லை. பங்கு வேண்டும் என்று கேட்டாள்.

சுதார்னி அடுப்படித் தரையில் உட்கார்ந்து, தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டுகளில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். குலசாமிகளுக்கான காலைப் படையல். கை அப்படியே நின்றது.

"எதுல பங்கு?"

"வயல்ல."

"எந்த வயல்?"

"நமக்கு எத்தன வயல் இருக்கு? கடலோரத்து வயல்தான். ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்காத, அக்கா."

ரத்மினிக்குப் பின்னால் வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றிருந்தான் தேவா ராய். நிலத் தரகன். பாலித் தீவின் தெற்குக் கரையில் இருக்கும் அந்த ஊரில் இப்போது மீனைவிடத் தரகர்கள் அதிகம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கும்பிட்டான்.

"நல்ல பார்ட்டி அக்கா. ஜகார்த்தாக்காரர். மூணு மாடி ஃபிளாட் கட்டி வெளிநாட்டுக்காரங்களுக்கு விடப்போறார். பத்திரம் இன்னும் உங்க அப்பா பேர்லதான் இருக்கு. ரெண்டு பொண்ணும் கையெழுத்துப் போடணும்னு நோட்டரி அம்மா சொல்றாங்க."

"ஊர் வழக்கம் அப்படி இல்லையே, தம்பி."

"வழக்கத்துக்கு முத்திரை குத்தித் தர மாட்டாங்களே அக்கா."

ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பெண்ணை ஊரறிய மகனாக்குவார்கள். செந்தானா என்பார்கள். நிலம் அவளுக்கு. குலசாமிகளும் அவளுக்கு. கோவில் வரி, ஊர் வேலை, திருவிழாச் சமையல், செத்தவர்களை எரிக்கிற செலவு எல்லாம் அவள் தலையில். அவளைக் கட்டிக்கொள்கிறவன் மணப்பெண் மாதிரி தன் குலசாமிகளிடம் விடைபெற்றுக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். வெளியே கட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு ஒரு பிடி மண் கிடையாது.

சுதார்னியை அவள் அப்பா அப்படித்தான் மகனாக்கினார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷத்தில் ரத்மினி அந்த வீட்டிலிருந்து ஒரு தேங்காய்கூடக் கேட்டதில்லை. இப்போது தரகனோடு வந்து நிற்கிறாள். சுதார்னிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உன் புருஷன் தூண்டிவிட்டானாடி?"

ரத்மினி சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

"அவர எதுக்கு இழுக்கற? எனக்கு வாய் இல்லையா? அப்பா உன்ன மகனாக்கினார், நீ மகாராணியாவே ஆயிட்ட. ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்க. ஊர் பேர் தெரியாதவன் வந்து படுக்க இந்த வீட்ல இடம் இருக்கு..." மேலே பேசாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பின்கட்டிலிருந்து நெங்கா வந்தான். சுதார்னியின் கணவன். பக்கத்து வில்லாக்களில் நீச்சல் குளம் சுத்தம் செய்கிறவன். தோளில் நீளக் கம்பு வலை.

"என்ன ரத்மினி, வந்ததும் வராததுமா..."

"அத்தான், இந்த வீட்டு மருமக இதுல குறுக்க பேசக் கூடாது."

தேவா ராய் சிரித்துவிட்டான். பிறகு இருமுவது போல ஏதோ செய்தான். காபிக் கடையில் அந்தப் பேச்சை நெங்கா கேட்காத வருஷமில்லை. மைத்துனி வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. வலையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

"வியாழக்கிழமை நோட்டரி ஆபீஸுக்கு வா," என்றாள் ரத்மினி. "வரலேன்னா வக்கீல் வச்சு வரவைப்பேன்."

அவர்கள் போனபின் சுதார்னி மறுபடி தட்டுகளை எடுத்தாள். கிழக்கே வைக்க வேண்டிய வெள்ளைப் பூவைத் தெற்கே வைத்தாள். எடுத்தாள். சிவப்பைக் கிழக்கே வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

என்ன செய்துவிட்டோம் இவளுக்கு? போன பண்டிகைக்குப் பன்றிக்கறிப் பங்கு குறைச்சலாக அனுப்பிவிட்டோமா? இல்லையே. அவள் மகன் படித்து முடித்த விருந்துக்குப் போகாமல் இருந்தோமா? போனோமே. போன மாதம் போனில்கூட நன்றாகத்தானே பேசினாள். பேசினாளா? ஏதோ சொன்னாள், நாமும் ஏதோ சொன்னோம், லைன் போய்விட்டது. வாடகை அறையில் தங்கியிருந்தவர் வெந்நீர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். அதற்குமேல் ஞாபகமில்லை.

சாயங்காலம் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டுடறேன்."

நெங்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "வயல் போனா திருவிழாவுக்கு அரிசி எங்கேருந்து வரும்? கப்பல்ல வேலை பாக்கற நம்ம பையன் அனுப்பினாத்தான் உண்டா?"

"பையன எதுக்குக் கேக்கணும்? ஹோட்டல்ல துணி துவைக்க ஆள் கேட்டிருக்காங்க. நான் போறேன்."

"இந்த வயசுலயா?"

"குலசாமிக்கு என் வயசு தெரியாது. படையல் வந்தாப் போதும்."

"அவ கேட்டா குடுத்துடுவியா? எல்லாத்தையும்?"

"அவ கண்ணப் பாத்தீங்களா? பேராசைக்காரி கண் இல்ல அது. என்னன்னு தெரியல எனக்கு. தெரியாமலே குடுத்துடறேன். வக்கீல் வந்து நடுவுல நின்னா அப்புறம் அவ என் தங்கச்சி இல்ல."

நெங்கா தட்டை ஒதுக்கி வைத்தான். பிறகு, "அவகிட்ட சுவாரா விஷயத்தச் சொல்லிடட்டுமா?" என்றான்.

"சொன்னீங்கன்னா நாக்க அறுத்துடுவேன்."

சுவாரா படகுக்காரர் மகன். ஒரே மகன். அவனைத்தான் சுதார்னி கட்டிக்கொள்வதாக இருந்தாள். அந்த வருஷம்தான் ரத்மினி ஒருவனோடு ஓடிப்போனாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது அங்கே அவமானமில்லை, முறைதான்; கல்யாண விருந்து பிறகு நடக்கும். ஆனால் அப்பாவுக்கு இருந்தது இரண்டு பெண்கள். ஒருத்தி போய்விட்டாள். மற்றவளும் போனால் குலசாமிகளுக்கு விளக்கு வைக்க ஆளில்லை. ஒரே மகனாக இருக்கிறவனை அவன் வீட்டில் மணப்பெண்ணாக அனுப்ப மாட்டார்கள். சுதார்னி போகவில்லை. சுவாரா சில நாள் வாசலில் வந்து நின்றான், பிறகு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து மலைக் கிராமத்திலிருந்து, நிலமில்லாத வீட்டின் மூன்றாவது மகன் நெங்கா வந்தான். வந்த வாரமே ஊர்க்காரர்கள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவன் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ரத்மினிக்கு இந்தக் கதையே தெரியாது. அப்போது அவள் புருஷன் வீட்டில் புதுப்பெண்.

வியாழக்கிழமை. நோட்டரி ஆபீஸில் ஏசி அதிகம். ரத்மினி தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தாள். பக்கத்தில் பெரிய துணிப்பை. தேவா ராய் புதுச் சட்டை போட்டிருந்தான். நோட்டரி அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நேராக நெங்காவைப் பார்த்தாள்.

"குடும்பத் தலைவர் நீங்கதானே? இங்க உக்காருங்க."

"நான் இல்லைங்க. இவங்க."

"உங்க வீட்டம்மாவா?"

"இவங்கதான் வீட்டுக்கு ஆம்பள. நான் வந்தவன்."

நோட்டரி அம்மா வேறு தீவுக்காரி. பேனாவை மேஜையில் வைத்தாள். "சரி, யார் எந்தப் பக்கம்னு கடைசியில பாத்துக்கலாம். முதல்ல வாசிச்சிடறேன். வாசிக்காம கையெழுத்து வாங்கக் கூடாது."

வாசித்தாள். கிழக்கே ஓடை, மேற்கே ஹோட்டல் மதில், தெற்கே கடல். அப்பா பெயர் வந்தபோது சுதார்னி தலையைக் குனிந்துகொண்டாள். சுதார்னியின் விலாசத்தை வாசித்தாள், சரி என்றார்கள். ரத்மினியின் அடையாள அட்டையை எடுத்தாள்.

"இதுல இருக்கற விலாசம்தானே?"

"அது இல்ல."

"பின்ன?"

ரத்மினி துணிப்பையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"பத்திரத்துல விலாசம் இல்லாம முடியாதும்மா. இப்ப எங்க இருக்கீங்க?"

"பாக்கியெல்லாம் வாசிங்க. அப்புறம் சொல்றேன்."

"அப்புறம்னா எப்ப?"

தேவா ராய் குறுக்கே வந்தான். "அக்கா, ஏதோ ஒண்ணு சொல்லுங்க. புருஷன் வீட்டு விலாசமே இருக்கட்டும்..."

"அந்த வீட்டப் பத்திப் பேசாதன்னு உன்கிட்ட சொன்னேன்ல?" ரத்மினியின் குரல் உடைந்தது. "அங்க வேற ஒருத்தி இருக்கா. பையன் அவங்க வீட்டுப் பிள்ளை, அங்கயே இருந்துட்டான். வழக்கம் அப்படி. நான் ஒரு பியூட்டி பார்லர் பின் ரூம்ல இருந்தேன். பார்லர்காரியும் இன்னிக்குக் காலி பண்ணச் சொல்லிட்டா. எழுதிக்கங்க. விலாசம் இல்ல."

சுதார்னி எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப ஏன்டி வீட்டுக்கு வரல?"

"ஏன் வரலியா?" ரத்மினி அக்காவை முதல் முறையாக நேரே பார்த்தாள். "நீதானே வேணாம்ன?"

"நானா?"

"போன்ல சொன்னேனே. அக்கா, நான் முலின்னு. நீ என்ன சொன்ன? இப்ப வேணாம், ரூம் ரெண்டும் ஆள் இருக்கு, பண்டிகைக்கு வந்தாப் போதும்ன. அப்புறம் வச்சுட்ட."

முலி என்றால் அவர்கள் பேச்சில் வீட்டுக்கு வருவது. கடைக்குப் போய்த் திரும்பினாலும் முலிதான். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டை விட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பினாலும் அதே முலிதான். அப்படித் திரும்புகிறவளைத் தாய்வீட்டு ஆண்பிள்ளை ஊரார் முன்னால் ஏற்றுக்கொண்டால்தான் அவளுக்கு இடம். அவன் வேண்டாம் என்றால் அவளுக்கு எந்த வீடும் இல்லை.

சுதார்னி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நீ ரெண்டு நாள் தங்க வரேன்னு நெனச்சேன்டி... சும்மா வரேன்னு... வெந்நீர் வரலன்னு ஒருத்தர் கத்திட்டிருந்தார்..."

"வேற எப்படிச் சொல்லணும்? என்னத் துரத்திட்டாங்கன்னா? அந்த ஒரு வார்த்தைய சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

"அழுதிருந்தாலாவது தெரிஞ்சிருக்குமே."

"அழுதா நீ பரிதாபப்பட்டுக் கூப்பிடுவ. எனக்கு அது வேணாம்." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான் ஃபிளாட். என் பங்குக்குப் பதிலா கீழ்த்தளத்துல ஒண்ணு தரேன்னார் ஜகார்த்தாக்காரர். உன்கிட்ட கேக்காமலே அப்பா வயல் மேல படுத்துக்கலாம்னு நெனச்சேன்... உனக்கென்ன தெரியும்? நீ எதையும் விட்டதே இல்ல. எல்லாம் உன் மடியில வந்து விழுந்தது."

"விழல," என்றான் நெங்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் கதவருகே நின்றிருந்தான்.

"ஏங்க, சும்மா இருங்க," என்றாள் சுதார்னி.

"நாக்க அறுக்கறதுன்னா வீட்டுக்குப் போய் அறு. ரத்மினி, நீ ஓடிப்போன வருஷம் இவளும் போறதா இருந்தா. படகுக்கார சுவாராவோட. நீ முந்திக்கிட்ட. வீட்ல விளக்கு வைக்க ஆளில்லன்னு இவ நின்னுட்டா. அதுக்கப்புறம்தான் நான். எனக்கு வருத்தமில்ல, எனக்குச் சோறு கிடைச்சது, நல்ல பொண்டாட்டி கிடைச்சா. ஆனா இவ மடியில எதுவும் விழல. நீ வந்து கேட்ட அன்னிக்கே வயல உனக்குக் குடுத்துட்டு ஹோட்டல் துணி துவைக்கப் போறேன்னு சொன்னா. ஏன் கேக்கறன்னுகூடத் தெரியாம."

ரத்மினி அவனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். எதை முதலில் நம்புவது என்று தெரியாதவள் போல இருந்தாள்.

"சுவாராவா?" என்றாள் கடைசியில். "என் கல்யாணத்துக்குப் படகு நிறைய மீன் கொண்டுவந்து குடுத்தாரே... அவரா?"

சுதார்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே பதிலாக இருந்தது. ரத்மினி நாற்காலியிலிருந்து சரிந்து அக்காவின் கால்களைக் கட்டிக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். சுதார்னி அவளைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தானப் போய் மருமகள்னு சொன்னேன்... பாவி நான்..."

"அவரு காபிக் கடையில கேக்காததா? எழுந்திரு. தரை சில்லுன்னு இருக்கு."

நோட்டரி அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. விக்கறீங்களா, இல்லையா?"

"இல்ல," என்றார்கள் அக்காவும் தங்கையும்.

"அக்கா, பார்ட்டி நாளைக்கு ஃப்ளைட் ஏறி வரார்," என்றான் தேவா ராய். "நான் அவருக்கு என்ன சொல்லட்டும்?"

"இடத்துல ஆள் இருக்குன்னு சொல்லு," என்றாள் சுதார்னி. தங்கையின் துணிப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஒரு பியூட்டி பார்லர் அறையிலிருந்து கிளம்புவது போல தாய்வீடு திரும்புவது எளிதில்லை. இரண்டு ஊர்த் தலைவர்களும் பேச வேண்டியிருந்தது. புருஷன் வீட்டார் முறைப்படி ரத்மினியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அவள் மாமியார் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. மகன் மட்டும் அம்மாவின் பின்னால் கொஞ்சதூரம் நடந்து வந்துவிட்டு நின்றான். அவன் எல்லை அதுதான்.

நல்ல நாள் பார்த்து வாசலில் படையல் வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். ரத்மினி வெள்ளை உடையில் வெளியே நின்றாள். புதிதாக வந்திருந்த இளம் பூசாரி தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"இவங்கள ஏத்துக்கற ஆண்பிள்ளை யாரு?"

பூசாரியின் பார்வை வழக்கம்போல நெங்காவிடம் போய் நின்றது. நெங்கா இரண்டடி விலகினான். அவன் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் சுதார்னி இருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

யாரோ ஒருவர் சிரிக்க வாயைத் திறந்தார். நெங்கா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

ஆண்பிள்ளை என்ற அந்தப் பேர் அவளை இத்தனை வருஷம் வேலை வாங்கியிருக்கிறது. தூக்கம் கெடுத்திருக்கிறது. ஒருவனைத் திருப்பி அனுப்ப வைத்திருக்கிறது. அதை வைத்து ஒருத்தியை உள்ளே கூப்பிடலாம் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை நீட்டினாள்.

ரத்மினி அந்தக் கையைப் பிடிக்காமல் நின்றாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அண்ணா," என்றாள். "உள்ள வரட்டுமா?"

சுதார்னிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தங்கையை இழுத்து அணைத்தாள். பூசாரி அடுத்த மந்திரத்தைத் தொடங்கக் காத்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் விடவில்லை.