நீளக்காது

சுக்கானை இடப்பக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்தபடி, கப்பலின் சங்கை மூன்று முறை ஊதினாள் சொவாசிக். மூடுபனிக்குள்ளிருந்து பதில் வந்தது. அதுவும் மூன்று முறைதான். ஆனால் அவளுடைய மூன்றாவது ஊதல் முடியும் முன்பே அது தொடங்கிவிட்டிருந்தது.

"சார்செல்தான்" என்றார் மூத்த மாலுமி லோயிக், பக்கத்தில் நின்று. "அந்தப் பக்கமே போ, பொண்ணே."

கம்பெனியின் சொகுசுக் கப்பல்கள் எல்லாமே ஒரே அச்சு. அதே வளைந்த மூக்கு, அதே தேக்குத் தளம், மாலுமிகளுக்கு அதே நீல ஸ்வெட்டர். நெஞ்சில் தைத்த கப்பல் பெயர் மட்டும்தான் மாறும். இந்தக் கப்பல் கூர்லி; கூடவே வந்தது சார்செல். மதியம் பிரெஞ்சுக் கரைக்கு அப்பாலுள்ள உஷான் தீவுக்கு மேற்கே வந்தபோது சார்செலின் ரேடியோ அடங்கிப்போனது. அதன் எஞ்சின் அறையில் சொவாசிக்கின் தம்பி எலுவான் இருந்தான்.

தேடுவதற்காக லோயிக் நாலு பேரோடு ரப்பர் படகில் போனார். ஒன்றும் தென்படவில்லை என்று இப்போதுதான் திரும்பி வந்திருந்தார். அந்த நாலு பேரும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கேப்டன், பயணிகள் பயந்துவிடாமலிருக்க ஷாம்பெய்ன் ஊற்றிக்கொண்டிருந்தார். சற்று முன்வரை அங்கிருந்து சிரிப்புச் சத்தமும் வெண்ணெயில் வதங்கும் சிப்பி வாசனையும் படியேறி வந்துகொண்டிருந்தன. இப்போது சிரிப்பு நின்றிருந்தது. சேற்றில் அழுகிய கடற்பாசி வாசனை மட்டும் வந்தது.

ரேடியோ கரகரத்தது.

"அக்கா?"

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "எலுவான், உயிரோட இருக்கியாடா? எங்க இருக்க, கழுதை?"

"பக்கத்துலதான். எல்லாரும் நல்லாருக்கோம். வா."

"எஞ்சின் என்னாச்சு?"

"வாக்கா. இங்க மணக்குது பாரு. அம்மா ஞாயித்துக்கிழமை செய்யுமே, முயல் குழம்பு."

அவள் மைக்கைக் கீழே வைத்தாள்.

கப்பலில் எவனும் அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லமாட்டான். நீளக்காது என்பார்கள், அதுவும் தாழ்ந்த குரலில். பேரைச் சொன்னால் கப்பல் கரை சேராது. எலுவானின் தாத்தா சொன்னதில்லை, அப்பா சொன்னதில்லை. போன ஈஸ்டருக்கு ஒரு பாரிஸ்காரி கொண்டுவந்த நீளக்காது சாக்லேட் பொம்மையைப் பிடுங்கிக் கடலில் எறிந்து, லோயிக் கேப்டனிடம் திட்டுக்கூட வாங்கினார்.

ரேடியோவை அணைத்தாள். சுக்கானை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பினாள்.

"லோயிக், அது என் தம்பி இல்ல. கேட்டீங்கல்ல, என்ன சொன்னான்னு? திரும்பிடலாம். கேப்டனைக் கூப்பிடுங்க."

லோயிக் நகரவில்லை.

கப்பல் திரும்பவில்லை. சுக்கானின் மறுபக்கத்தை ஒரு கை பிடித்திருந்தது. ஈரமான கை. விரல் நுனிகள் வெளுத்து ஊறியிருந்தன. ஸ்வெட்டர் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஏன் பயப்படுற?" என்றார் அவர், அன்பாக. "முயல் நல்ல கறிதானே."

கீழே சத்தமே இல்லை.

எதிரே பனி விலகியது. அதே வளைந்த மூக்கு. விளக்கு ஒன்றுமில்லை. சன்னல்தோறும் முகங்கள், மேலே பார்த்தபடி.

அவள் மெல்ல அவர் நெஞ்சைப் பார்த்தாள்.

நீல ஸ்வெட்டர். வெள்ளை நூலில் தைத்த எழுத்து.

சார்செல்.